நாவலின் கடைசிப் பங்கு

பேச்சி அந்த வருடம் மொத்தம் எத்தனை நாவல் படித்தாள்? இந்தக் கேள்வியைக் கேட்பதற்காகத்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள். நானும் கேட்டேன். அவளும் பதில் சொன்னாள். அதைக் கட்டத்தில் எழுதி, சரிபார்த்து, கீழே கையெழுத்தும் போட்டேன். சரியான விடை இன்றுவரை எனக்குத் தெரியாது.

சமூகவியல் துறையின் ஆண்டு மலரில் ஓய்வு பெற்ற களப்பணியாளர்களுக்கு ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்களாம். பனியன் கம்பெனிப் பிள்ளைகள் செல்போனில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் கவிதை, ஜோக்கு, குட்டிக்கதை பற்றிப் புதிதாக ஆய்வு தொடங்கியிருக்கும் தங்கைகள் என்னையும் எழுதச் சொன்னார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. ஓய்வு பெற்றவள்தான். மகள் வயிற்றில் இருந்தபோது வேலையை விட்டவள், திரும்பப் போகவில்லை. ஆனால் 'ஓய்வு' என்ற சொல்லை எழுதி முடிப்பதற்குள் மகள் பேனா மூடியை வாயில் போட்டுவிட்டாள். எடுத்துவிட்டேன். மூடி முழுதாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. இன்னொரு முறையும் பார்த்தேன்.

சமூகவியலில் எம்.ஏ. முடித்தது, கல்யாணம் ஆனது, வேலையில் சேர்ந்தது எல்லாம் ஒரே வருடத்தில். பயிற்சி பற்றிச் சொல்ல அதிகமில்லை. எப்படிக் கேட்பது, எப்படி எழுதுவது, வெயிலுக்கு என்ன கொண்டுபோவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாவது மட்டும் எனக்கு நன்றாக வந்தது. குடை, தண்ணீர், குளுக்கோஸ், பஞ்சு, பிளாஸ்திரி எல்லாம் என் பையில் இருக்கும். பிள்ளைகள் என்னைக் கொஞ்ச நாள் சுகாதாரத் துறை என்றே நினைத்திருந்தார்கள்.

பனியன் கம்பெனிப் பிள்ளைகளின் வாசிப்புப் பழக்கம் பற்றிய எங்கள் ஆய்வின் தலைவர் மரகதம் மேடம், தாராபுரத்துக்காரர். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். நல்ல நாளில் நான் 'கண்ணு'. குறிப்பு சுமாராக இருந்தால் 'அம்மிணி'. மிக மோசமாக இருந்தால் 'ஏனுங்க' என்று ஆரம்பிப்பார். அப்போது நாற்காலியில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றும். எழுந்துவிடுவேன். 'உக்காருங்க' என்பார். அந்த 'ங்க' இன்னும் பயமாக இருக்கும்.

குறிப்புகளை அவர் திருத்தும் விதம் இப்படி. பென்சிலைத் தலைகீழாகப் பிடித்து, ரப்பர் முனையால் ஒவ்வொரு வரியையும் தொட்டுக்கொண்டே வருவார். சந்தேகம் வந்த இடத்தில் ரப்பர் நிற்கும்.

"ஏனுங்க, 'பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருந்தனர்'னு எழுதியிருக்கறீங்க. இது ஆரு சொன்னதுங்க?"

"நானாத்தான் பார்த்தேனுங்க மேடம்."

"மகிழ்ச்சியப் பாத்தீங்களா? அது எந்தப் பக்கமுங்க இருந்துச்சு?"

"சிரிச்சாங்க மேடம்."

"அப்பப் பல்லுத் தெரிஞ்சுதுன்னு எழுதுங்க. மகிழ்ச்சியப் பொறவு பாத்துக்கலாம்."

நான் சொன்னதைச் செய்கிறவள். அடுத்த வாரக் குறிப்பில் வரிக்கு வரி பல் தெரிந்தது. மேடம் படித்துவிட்டு, "பல்லாஸ்பத்திரியாட்ட இருக்குது கண்ணு" என்றார். 'கண்ணு' என்றாரே என்று எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். தவறு, பல் தெரிந்தது.

எங்கள் களம் முதலிபாளையம் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியின் பெண்கள் விடுதி. பெரும்பாலும் தெற்கத்திப் பிள்ளைகள், பதினெட்டு வயதைத் தாண்டியவர்கள். காலையில் கம்பெனி வேன் அள்ளிக்கொண்டு போகும், இருட்டும்போது கொண்டுவந்து இறக்கும். வினாப்பட்டியலின் முதல் கேள்வி, 'கடந்த ஓராண்டில் முழுமையாகப் படித்த புத்தகங்கள் எத்தனை?' எல்லாரும் 'இல்ல' என்றார்கள். நான் பூஜ்யம் போட்டேன். அடுத்த அறையிலும் பூஜ்யம். பூஜ்யங்களை நான் வட்டமாக, அழகாகப் போடுவேன்.

ஒரு ஞாயிறு பேச்சியின் அறையில் அவளுடைய டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். பேச்சிக்கு அப்போது இருபத்தொரு வயது, ஆலங்குளம் பக்கம் ஊர், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் தைப்பவள். பக்கத்தில் அட்டை இல்லாத கொஞ்சம் தாள்கள் கிடந்தன. ஒரு வாக்கியத்தின் நடுவில் தொடங்கி இன்னொரு வாக்கியத்தின் நடுவில் முடிந்தன. முறுக்கு மடித்து வந்த காகிதம் என்று நினைத்து, குப்பையில் போட எடுத்தேன்.

"ஐயோ அக்கா, அது என் பங்கு!" என்று பேச்சி பிடுங்கிக்கொண்டாள்.

"என்ன பங்கு?"

அப்புறம்தான் சொன்னார்கள். மாதாமாதம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரு நாவல் வாங்குவார்கள். அன்றே பசை விட்ட இடமாகப் பார்த்து ஆறாகப் பிரித்துவிடுவார்கள். அறையில் ஆறு பேர். ஆளுக்கொரு பங்கு. அவரவர் பங்கை மட்டும் படிப்பார்கள். அடுத்த ஞாயிறு துணி துவைத்துக் காயப்போட்டதும் மொட்டை மாடியில் உட்கார்ந்து, முதல் பங்குக்காரியிலிருந்து வரிசையாகச் சொல்லிக் கதையைச் சேர்ப்பார்கள். கம்பெனி வேலை வரிசைப்படி, முதல் பங்குக்குக் கட்டிங் என்று பெயர். கடைசிப் பங்குக்குப் பேக்கிங்.

"எதுக்கு இப்படி? ஒருத்தர் படிச்சுட்டு இன்னொருத்தருக்குக் குடுக்கலாமே?"

"நல்லாச் சொன்னிய," என்றாள் பேச்சி. "ஒரு ஆளு முழுசாப் படிச்சு முடிக்க ஒரு மாசம். ஆறாவது ஆளு கைக்கு வாறதுக்குள்ள அவ கல்யாணம் ஆகி ஊருக்கே போயிருவா. அதுக்கு முன்னாடி இவளுக வாய வச்சிட்டுச் சும்மா இருப்பாளுகளா? முடிவச் சொல்லிருவாளுக."

"அப்புறம் ஏன் எங்கிட்டப் படிக்கலைன்னு சொன்னீங்க?"

"நீங்க முழுசாப் படிச்சியளான்னுல்லா கேட்டிய."

நான் போட்ட பூஜ்யங்கள் எல்லாம் கண் முன்னால் வந்தன. மேடத்திடம் போய்ச் சொன்னேன். ஒருத்தி ஆறில் ஒரு பங்கைப் படித்து மீதியைக் கேட்டால் அது எவ்வளவு என்று நான் கேட்டேன். ஆறில் ஒன்று என்று போடலாமா, ஒன்று என்றே போடலாமா? "சொன்னதப் போடுங்க, செஞ்சதக் கீழ எழுதுங்க" என்றார். பூஜ்யம் அப்படியே நின்றது. கீழே எழுதியது ஒன்றரைப் பக்கம் வந்தது.

மேடம் ஒரு கட்டளையும் சேர்த்தார். பிள்ளைகள் படிக்கிற நாவலைக் களப்பணியாளரும் படித்திருக்க வேண்டும், முழுதாக. எனக்கு அது பெரிய சோதனை. அட்டையில் ஒரு பெண் ஈரப் புடவையுடன் அருவிக்கு அடியில் நின்றாள். கடைக்காரரிடம், "ஆராய்ச்சிக்குங்க" என்றேன். "எல்லாரும் அதுக்குத்தானுங்க வாங்கறாங்க" என்றார். டவுன் பஸ்ஸில் குடையை விரித்த மாதிரி முந்தானையைப் பிடித்துக்கொண்டு படித்தேன். உள்ளே அருவியே வரவில்லை.

கதை இதுதான். மலையூர் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ். அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஒரு டிரைவர் வளைகுடாவுக்குப் போகிறான். கடிதம் வருகிறது, குறைகிறது, நிற்கிறது. அவள் வந்த வரன்களையெல்லாம் தட்டிவிட்டுக் காத்திருக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் அவன் வருகிறான், மனைவி குழந்தையோடு. பஸ் நிறுத்தத்தில் நிற்கும் அவளிடமே ஆஸ்பத்திரிக்கு வழி கேட்கிறான். அடையாளம் தெரியவில்லை. அவள் வழி சொல்லிவிட்டு வந்த பஸ்ஸில் ஏறிக்கொள்கிறாள். நான் பஸ்ஸிலேயே கொஞ்சம் அழுதேன். நடத்துனர் சில்லறைக்காக என்று நினைத்து அவசரமாக மீதியைக் கொடுத்தார்.

அந்த ஞாயிறு மாடியில் நானும் உட்கார்ந்தேன். ஈரத் துணிகளுக்கு நடுவே கட்டிங் தொடங்கியது. பேச்சி மூன்றாவது. கடிதம் நிற்கிற இடம் அவளுடைய பங்கு. அவள் சொல்லும்போது யாரும் கேலி செய்யவில்லை. பேச்சி ஊரில் கணேசன் என்று ஒருவன் மஸ்கட்டுக்குப் போயிருக்கிறான், கடிதம் நின்று நாளாகிவிட்டது, இதற்கிடையில் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை ஒருவரை அவள் அம்மா பார்த்து வைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்பதெல்லாம் எனக்கு முந்தைய வாரங்களிலேயே தெரியும். கேட்காமலே சொன்னது. எழுதி வைத்திருந்தேன்.

கடைசிப் பங்கு ஜெபாவுடையது. ஜெபமணி, செக்கிங் வேலை, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். எப்போதும் பேக்கிங் அவளுக்குத்தான் என்பது அறையின் ஏற்பாடு. எழுந்து நின்று கையை ஆட்டிச் சொன்னாள். அவன் விமானத்திலிருந்து இறங்கி, பெட்டியோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வருகிறான். வார்டு நடுவில் எல்லா நோயாளிகள் முன்னாலும் அவள் கையைப் பிடிக்கிறான். கடிதம் போட முடியாமல் அவன் அங்கே காலொடிந்து கிடந்தான். அவளே கட்டுப் பிரிக்கிறாள். ரிஜிஸ்தர் கல்யாணம்.

"ஏட்டி, கடைசில கல்யாணச் சாப்பாடு உண்டா?" என்றாள் ஒருத்தி.

"உண்டு. மட்டன். ஆஸ்பத்திரில எல்லாருக்கும்."

"நோயாளிக்குமா மட்டன்?"

"சந்தோசத்துல குணமாயிட்டானுவ."

எல்லாருக்கும் பல் தெரிந்தது. நான் மட்டும், "அது வந்து..." என்று ஆரம்பித்து, இருமல் வந்த மாதிரி இருமினேன். ஜெபா என்னைப் பார்த்தாள். அப்புறம் தண்ணீர்க் குழாய் அருகில் வந்து பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க அந்தப் புக்கப் படிச்சியளா?"

"படிச்சேன்."

"முழுசாவா?"

"முழுசா."

"அப்படியெல்லாம் படிக்கலாமாக்கா?" என்றாள், நான் ஏதோ ஊர் வழக்கத்தை மீறிவிட்டவள் மாதிரி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அச்சடிச்சவருக்கு என்ன, அடிச்சிட்டுப் போயிட்டாரு. திங்கக்கிழமை காலைல இந்த ஆறு பேரும்லா மெஷின்ல உக்காரணும். சொல்லிராதீங்க."

"சொல்ல மாட்டேன். நீங்க சொல்றத வெளிய சொல்லக் கூடாதுங்கறதுதான் எங்க விதி."

அவள் தன் பங்கை அன்றே கிழித்து, கொசு வராமல் இருக்க ஜன்னல் சந்துகளில் திணித்துவிடுவாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். விடுதியிலேயே கொசு இல்லாத அறை அதுதான்.

கீழே இறங்கும்போது பேச்சி என்னோடு படியில் வந்தாள். "அக்கா, அம்மா வாற வாரம் போன் போடும். வேண்டாம்னு சொல்லிரலாம்னு இருக்கேன்."

அங்கேதான் என் தூக்கம் போனது. புத்தகத்தின் முடிவு எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. ஒரு பெண் காலொடிந்த டிரைவரை நம்பி நல்ல வரனை விடப்போகிறாள், நான் பையில் குளுக்கோஸ் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன். இல்லை, கதையைக் கேட்டு யாராவது கல்யாணத்தை முடிவு செய்வார்களா? செய்ய மாட்டார்கள். செய்தால்? இப்படியே இரண்டு நாள் யோசித்துவிட்டு மேடத்திடம் போனேன். மேடம் டிபன் டப்பாவைத் திறந்து தயிர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தப் புள்ள உங்ககிட்டக் கேட்டுச்சுங்களா, நெசமான முடிவு என்னன்னு?"

"இல்லீங்க மேடம்."

"கேக்காததுக்குப் பதில் சொல்றதுக்கு நாம ஆருங்க? அவங்க அம்மாளுங்களா?"

"கேட்டா என்னங்க மேடம் பண்றது?"

அவர் ஒரு வாய் சாப்பிட்டு, மென்று, விழுங்கினார். "கேட்டாச் சொல்லுங்க. கேட்டதுக்கப்புறம் பொய் சொல்லக் கூடாது. ஆனாக் கேக்க வெக்கக் கூடாது."

இது விதி என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன். வெளியே வந்ததும்தான் அது எவ்வளவு கஷ்டமான விதி என்று புரிந்தது. கேட்க வைக்காமல் கேட்க வைப்பது எப்படி? நான் கடமை தவறாதவள். விதியையும் மீறக் கூடாது, பேச்சியும் கெட்டுப் போகக் கூடாது. அந்த வாரம் நான் விடுதிக்குப் போனபோதெல்லாம் நாவலின் அட்டை பாதி வெளியே தெரியும்படி பையில் வைத்து, பேச்சிக்கு எதிரே உட்கார்ந்தேன். அருவிப் பெண் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சும்மா பெருமூச்சு விட்டேன். "இந்தக் கதை எழுதறவங்க எப்படியெல்லாம் முடிக்கறாங்க, இல்ல?" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னேன். ஜெபா முறைத்தாள். பேச்சி என் பையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். இதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, புக்கு கீழ விழுந்துரப் போகுது," என்று சொல்லிவிட்டு, அதை உள்ளே தள்ளி, ஜிப்பையும் இழுத்து மூடினாள்.

ஞாயிறு வந்தது. பிள்ளைகள் செல்போன் வைத்திருக்கக் கூடாது; விடுதிக்கு ஒரே போன், வார்டன் அறையில். வரிசையில் நின்றவர்களுக்குப் பின்னால் நானும் நின்றேன், வார்டனிடம் ஏதோ கேட்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு. பேச்சி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"எம்மா... ஆமா, சாப்பிட்டேன். எம்மா, அது வேண்டாம். அவங்களுக்குச் சொல்லிரு. ... அவனுக்காகன்னு நான் சொன்னேனா? வேண்டாங்கேன், அம்புட்டுத்தான். ... அழாத. பின்னாடி ஆளு நிக்காவ, வச்சிருதேன்."

என்னைக் கடந்து போகும்போது கண் கலங்கியிருந்தது. 'கண் கலங்கியிருந்தது' என்று எழுதினேன். ரப்பர் அந்த வரியில் நிற்கவில்லை.

அடுத்த மாதம் எனக்கு வாந்தி ஆரம்பித்தது. டவுன் பஸ், வேன் புகை, சாயப்பட்டறைப் பக்கத்து வாடை எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. ஏழாம் மாதத்தோடு நின்றுவிட்டேன். ஆய்வறிக்கை வந்தபோது நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். 'முழுமையாகப் படித்த புத்தகங்கள்' அட்டவணையில் பூஜ்யங்கள் இருந்தன, அடியில் பிரித்துப் படிக்கும் முறை பற்றி நீண்ட குறிப்பு இருந்தது. பேச்சி இல்லை, ஜெபா இல்லை, பெயர் போடுவதில்லை. மகளுக்கு முதல் காய்ச்சல் வந்த நாளில் நான் மேடம் சொல்லிக்கொடுத்தபடி பார்த்ததை மட்டும் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போனேன். 'இரண்டு முறை தும்மினாள். பால் குறைவு. பல் தெரியவில்லை.' டாக்டர், "மூணு மாசத்துல பல்லு வராதுங்க" என்றார்.

இதெல்லாம் பழைய கதை என்று எழுதிவிட்டு நிறுத்தியிருப்பேன். போன வாரம் பேச்சி போன் செய்தாள். என் நம்பரைத் துறையில் கேட்டு வாங்கியிருக்கிறாள். இப்போது அதே கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஜெபா கல்யாணமாகி ஊரோடு போய்விட்டாளாம். பேச்சிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மஸ்கட்டிலிருந்து கணேசன் திரும்பி வந்துவிட்டான். தனியாக வந்தானா, என்ன ஏது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவள் தம்பியிடம், "பேச்சி இன்னும் இருக்காளாடே?" என்று மட்டும் கேட்டிருக்கிறான். சித்திரையில் ஊர்க் கோயில் கொடைத் திருவிழா. அவனும் இருப்பான். போவதா வேண்டாமா என்று பேச்சி யோசிக்கிறாள்.

"அக்கா, அந்தப் புக்குல நெசமா என்ன முடிவு?"

"ஜெபா சொன்னாளே," என்றேன், கோழையாக.

"ஜெபா சொன்னது அதுல இல்லன்னு அன்னைக்கே தெரியும்க்கா. மாடில உங்க மூஞ்சியப் பாத்தேன்லா. அன்னைக்குக் கேட்டிருந்தா எங்கம்மாவுக்குச் சரின்னு சொல்லியிருப்பேன். அதான் கேக்கல. இப்பக் கேக்கணும்போல இருக்கு. கேட்டுட்டுப் போனா அவன் என்ன சொன்னாலும் தாங்கிக்கிடுவேன்."

இத்தனை வருடம் கழித்து அவள் கேட்டுவிட்டாள். நான் கேட்க வைக்கவில்லை. மேடத்தின் விதிப்படி சொல்லியாக வேண்டும். ஆனால் ஜெபாவிடம் சொல்ல மாட்டேன் என்று சொன்னதும் நான்தான். அந்தப் பஸ் நிறுத்தத்தை எப்படிச் சொல்வேன்? 'உன்னை அடையாளம் தெரியாமல் வழி கேட்டான்' என்று, நாளைக்கு அவனைப் பார்க்கப் போகிறவளிடம்? கதை வேறு, கணேசன் வேறு என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறாள்.

"பேச்சி, குழந்தை அழுகுது, அப்புறமாப் பேசறேன்," என்றேன். குழந்தை என் பக்கத்தில் கையைக் காலை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவள் தினமும் போன் செய்து குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். வயிற்று வலியாக இருக்கும், ஓமத் தண்ணீர் கொடுங்கள் என்கிறாள். புத்தகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கொடைக்குப் பஸ் ஏறும் முன் எங்கள் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் போவாளாம்.

மலர் பங்குனியில் வந்துவிடும் என்றார்கள். கொடை சித்திரையில். மேடத்திடம் படித்தவர்கள், களத்துக்குப் போய் வந்தவர்கள், இப்போது போய்க்கொண்டிருக்கும் தங்கைகள் இதைப் படிப்பீர்கள். அவள் வந்து எதிரே உட்காரும்போது அச்சில் இருப்பதைச் சொல்லட்டுமா? ஜெபா சொன்னதையே சொல்லட்டுமா? ஒன்றும் சொல்லாமல், அலமாரியில் இருக்கும் புத்தகத்தைப் பிரிக்காமல் முழுதாக அவள் கையில் கொடுத்துவிட்டுக் காப்பி போடப் போய்விடட்டுமா? துறை முகவரிக்கு ஒரு வரி எழுதினால் போதும். நீங்கள் சொல்கிறபடி செய்துவிட்டு, அது சரியா என்று நான் அப்புறம் யோசித்துக்கொள்கிறேன்.